பன்னிரண்டு சுவர் வைத்த கப்பல்

என் தாய்மாமா தூத்துக்குடித் தோணியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடலோடியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஓடு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் அவர் சொன்ன கதைகளில் ஒன்று மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு ராத்திரி நடுக்கடலில் பலகை இடுக்கு ஒன்று விட்டுக்கொடுத்துவிட்டது. "தண்ணி எங்கேயிருந்து வருதுன்னே தெரியாது மருமவனே. மேலே பூரா மூட்டை. மூட்டையைத் தூக்கினாத்தான் ஓட்டை தெரியும். தூக்குறதுக்குள்ள தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு." தோணியின் வயிறு ஒரே கிடங்கு. அணியத்தில், அதாவது முன்பக்கம், நுழைந்த தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பின்பக்கம் போய்விடும். அன்றைக்குப் பாதி வெங்காயத்தைக் கடலில் கொட்டிவிட்டு, விடியும்வரை தண்ணீர் இறைத்துக் கரை சேர்ந்திருக்கிறார்கள்.

பல வருஷம் கழித்து, சீனாவின் குவான்சோ நகரத்தில் இருக்கும் ஒரு பழைய கப்பலின் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வெங்காயம்தான். படத்தில் தெரிந்தது கப்பலின் அடிப்பாகம் மட்டும். மேல்தளம் இல்லை, பாய்மரம் இல்லை. ஆனால் உள்ளே, குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. பதின்மூன்று அறைகள்.

1974இல் குவான்சோ விரிகுடாவின் ஹோசூ துறையருகே சேற்றிலிருந்து தோண்டி எடுத்த கப்பல் இது. மிச்சமிருந்த பகுதி 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். முழுசாக இருந்தபோது 34 மீட்டர் வரை இருந்திருக்கும் என்கிறார்கள். சோங் வம்சத்தின் கடைசி ஆண்டுகளில், 1270களில் மூழ்கியது. தென்கடல் போய்விட்டுத் திரும்பி வந்த கப்பல் என்பதைச் சரக்கே சொல்லிவிட்டது. சந்தனம், அகில் முதலான வாசனைக் கட்டைகள் மட்டும் 2,400 கிலோ. அப்புறம் மிளகு, பாக்கு, சாம்பிராணி, அம்பர், சோழி, ஆமை ஓடு. எந்தச் சரக்கு யாருடையது என்று எழுதிய மரச்சீட்டுகளும், மாலுமிகள் பொழுதுபோக்க விளையாடிய சதுரங்கக் காய்களும்கூடக் கிடைத்தன. கப்பலின் அடியில் நெடுக ஓடும் ஏராக் கட்டையின் இணைப்புக்குள் கண்ணில் படாத இடத்தில் குழிகள் வெட்டி, அதில் காசுகளையும் ஒரு வெண்கலக் கண்ணாடியையும் வைத்து மூடியிருந்தார்கள். கப்பலுக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. நிலை வைக்கும்போது அடியில் நவதானியமும் காசும் போடுகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது அந்தச் சுவர்களைப் பற்றி. ஒவ்வொன்றும் தடித்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது. சுவர் கப்பலின் பக்கப் பலகையோடு சேரும் இடத்தில் இரும்புப் பட்டை அடித்து, வளைந்த மரத்தை முட்டுக் கொடுத்து, இடுக்கெல்லாம் அடைத்திருக்கிறார்கள். ஒரு அறையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அந்த அறையோடு நின்றுவிடும். மற்ற பன்னிரண்டு அறைகள் கப்பலைத் தாங்கிக்கொள்ளும். இன்னொரு பயனும் உண்டு. மூங்கிலைப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மெல்லிய குழாய் காற்றில் வளைந்தும் நசுங்காமல் இருப்பது உள்ளே இருக்கும் கணுக்களால். இந்தச் சுவர்களும் அந்த வேலையைச் செய்கின்றன. அலை இரண்டு பக்கமும் அழுத்தும்போது உடல் நசுங்காமல் பிடித்துக்கொள்கின்றன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு சுவரின் அடியிலும், ஏராவை ஒட்டி, ஒரு சிறு துளை. சாதாரண நாளில் கசிகிற தண்ணீர் அதன் வழியாக ஓடி ஒரே இடத்தில் சேரும், அங்கிருந்து இறைத்துவிடலாம். ஆபத்து வந்தால் துளையை அடைத்துவிட்டால் போதும். தினசரிக் கசிவையும் பெரிய உடைப்பையும் தனித்தனியாக யோசித்து வைத்திருக்கிறார் அந்தத் தச்சர். கடலில் நனைந்து பழகியவருக்கோ, நனைந்தவர்களோடு நெருங்கிப் பேசியவருக்கோதான் இது தோன்றும்.

மார்கோ போலோ 1292 வாக்கில் இதே குவான்சோவிலிருந்துதான் பதினான்கு கப்பல்களோடு புறப்பட்டார். அன்றைக்கு அந்த ஊரை அராபியர்களும் ஐரோப்பியர்களும் ஸைத்தூன் என்றார்கள். பெரிய கப்பல்களில் பதின்மூன்று அறைகள் வரை உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். பசியில் வரும் திமிங்கிலம் ஒன்று கப்பலை மோதி ஓட்டை போட்டால், மாலுமிகள் தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த அறையின் சரக்கைப் பக்கத்து அறைகளுக்கு மாற்றிவிட்டு, ஓட்டையை அடைத்து, சரக்கைத் திரும்ப வைப்பார்களாம். அவர் சொன்ன பலவற்றைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இந்த ஒரு விவரத்துக்கு, எழுநூறு வருஷம் கழித்து, பதின்மூன்று அறைகளோடு சேறே சாட்சி சொன்னது.

அவர் எழுதிய இன்னொன்று: இவர்களிடம் தார் போன்ற கீல் கிடையாது, அதனால் சுண்ணாம்பையும் பொடியாக நறுக்கிய சணலையும் ஒரு மரத்தின் எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பலகை இடுக்கில் பூசுகிறார்கள், அது பிசின் போலப் பிடித்துக்கொள்கிறது என்கிறார். அந்த மரம் துங் மரம். அதன் கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டியாகிப் படலம் போல் உலர்ந்துவிடும். நம் ஊர்த் தோணிகளில் கலப்பற்று வேலை பார்ப்பவர்கள் பஞ்சுத் திரியை உளியால் இடுக்கில் அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். சீனாவில் நாரும் சுண்ணாம்பும் துங் எண்ணெயும். பின்னாளில் சீனத் துறைமுகங்களுக்கு வந்த ஆங்கிலேய மாலுமிகள் அந்தக் கலவையைச் ‘சுனாம்’ என்றே அழைத்தார்கள். நம் சுண்ணாம்புதான் அந்தச் சொல். நம் கரையில் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை குவான்சோ இருக்கும் ஃபுஜியான் மாநிலத் தச்சரின் உரலுக்குள் போய் விழுந்திருக்கிறது.

சுக்கான் கதை இன்னும் பழையது. தென்சீனத்துக் காண்டன் நகரத்தில் கிழக்கு ஹான் காலத்துக் கல்லறை ஒன்றில், ஏறக்குறைய 1,900 வருஷத்துக்கு முந்தைய மண்பொம்மைக் கப்பல் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் சுக்கான் இருக்கிறது. ஐரோப்பாவில் பின்புறச் சுக்கானுக்குக் கிடைக்கும் ஆரம்பச் சான்றுகள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சீனச் சுக்கானை ஆழ்கடலில் இறக்கிக்கொள்ளலாம், ஆழம் குறைந்த இடத்தில் கயிற்றால் மேலே தூக்கிக்கொள்ளலாம். பாயும் அப்படித்தான். மூங்கில் பாயில் குறுக்கே வரிசையாக மூங்கில் கழிகளை வைத்துக் கட்டியிருப்பார்கள். புயல் வந்தால் ஜன்னல் மறைப்பை மடிப்பது போல நொடியில் மடித்து இறக்கிவிடலாம், யாரும் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. மாலுமியின் உயிரைக் கணக்கில் வைத்துச் செய்த பாய் அது.

வழி கண்டுபிடிப்பதிலும் ஒரு விவரம் எனக்குப் பிடிக்கும். ஷென் குவோ என்ற அறிஞர் 1088 வாக்கில் காந்த ஊசியின் குணத்தை எழுதிவைத்தார். அடுத்த முப்பது வருஷ வாக்கில் ஜூ யூ என்பவர் காண்டன் துறைமுகத்து வழக்கங்களைப் பற்றி எழுதும்போது, மாலுமிகள் ராத்திரியில் நட்சத்திரத்தையும் பகலில் சூரியனையும் பார்ப்பார்கள், மூடுபனி நாளில் தெற்கு காட்டும் ஊசியைப் பார்ப்பார்கள் என்கிறார். கடலில் திசைகாட்டியைப் பயன்படுத்தியதற்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. எல்லோரும் இந்த வரியை மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த வரி. நீளமான கயிற்றில் கொக்கி கட்டிக் கடலடிச் சேற்றை அள்ளி, முகர்ந்து பார்த்தே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்களாம்.

1340களில் கள்ளிக்கோட்டையில் இப்னு பதூதா பார்த்தபோது துறையில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன. பெரிய கப்பலில் பன்னிரண்டு பாய் வரை உண்டு, ஆயிரம் பேர் வேலை செய்வார்கள், அதில் அறுநூறு பேர் மாலுமிகள், நானூறு பேர் போர்வீரர்கள் என்று எழுதுகிறார். மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்தார்களாம். நீண்ட கடல் பயணத்தில் பச்சைக் காய்கறி இல்லாமல் ஐரோப்பிய மாலுமிகள் ஈறு வீங்கிச் செத்துக்கொண்டிருந்த காலம் இதற்கு வெகு பின்னால்தான் வருகிறது.

சரி, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனி செங் ஹே இல்லாமல் கதை நகராது. சீனக் கடலோடிகள் என்றாலே எல்லோருக்கும் தெரிந்த ஒரே பெயர் அவருடையதுதான். 1371இல் கடலே இல்லாத யுன்னான் மாநிலத்தில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் மா ஹே. பத்து வயதுப் பையனாக இருந்தபோது சீனாவை ஆண்ட மிங் வம்சத்தின் படைகள் அவர் ஊரைப் பிடித்தன. சிறைப்பிடித்து, விதையடித்து, இளவரசர் ஜூ டியிடம் வேலைக்கு விட்டார்கள். அந்த இளவரசர் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்து 1402இல் யோங்லே பேரரசர் ஆனார். கூடவே போர்க்களத்தில் நின்ற மா ஹே, செங் ஹே ஆனார். 1405க்கும் 1433க்கும் இடையில் ஏழு பயணங்கள். முதல் பயணத்தில் மட்டும் 27,800 பேர். ஜாவா, மலாக்கா, இலங்கை, கள்ளிக்கோட்டை, பின்னர் ஹோர்முஸ், ஏடன், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை.

இங்கேதான் பேச்சு வழக்கமாக அளவுக்குப் போய்விடும். மிங் வரலாறு பெரிய கப்பலின் நீளம் 44 ஜாங், அகலம் 18 ஜாங் என்கிறது. இன்றைய கணக்கில் 125 முதல் 140 மீட்டர். கொலம்பஸின் கப்பலைப் பக்கத்தில் பொம்மை போல வரைந்த படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். எனக்கு அந்த அளவில் நம்பிக்கை இல்லை. 1909இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் வயோமிங் என்ற மரக்கப்பல் கட்டினார்கள். ஆறு பாய்மரம், உடல் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். அன்றைய இரும்புப் பட்டைகளை எல்லாம் வைத்துக் கட்டியும், அலையில் அந்த நீள உடல் வளைந்து நெளிந்து, பலகை இடுக்குகள் விட்டுக்கொடுத்து, இயந்திரம் வைத்து ஓயாமல் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது. 1924இல் அத்தனை பேரோடும் மூழ்கியது. மரத்துக்கு ஒரு எல்லை உண்டு. 2010இல் நான்ஜிங்கில், செங் ஹேயோடு போன ஹோங் பாவோ என்ற அதிகாரியின் கல்லறைக் கல்வெட்டு கிடைத்தது. அதில் 5,000 லியாவ் கொள்ளளவுள்ள பெரிய கப்பல் ஒன்று வருகிறது. அதை வைத்துச் சில ஆய்வாளர்கள் எழுபது மீட்டர் பக்கம் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்புகிறது. எழுபது மீட்டரே அந்தக் காலத்துக்கு மலை.

நான்ஜிங்கில் அந்தக் கப்பல் பட்டறையின் இடம் இன்றும் இருக்கிறது. 2003, 2004இல் அங்கே கப்பல் கட்டிய குளங்களில் ஆறாவதைத் தோண்டினார்கள். நீளம் 421 மீட்டர், அகலம் 41 மீட்டர். சேற்றுக்குள்ளிருந்து பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுக்கான் தண்டுகள், ஆணிகள், தச்சர்களின் கருவிகள் வந்தன. 1957லேயே இந்தப் பகுதியில் 11 மீட்டர் நீளச் சுக்கான் தண்டு ஒன்று கிடைத்திருந்தது. யோங்லேயின் அப்பா காலத்தில், 1391இல், நான்ஜிங் பக்கம் துங், பனை, அரக்கு மரங்களைக் கோடிக்கணக்கில் நட உத்தரவு போட்டிருக்கிறார்கள். அடைப்புக்கு எண்ணெய், கயிற்றுக்கு நார், பூச்சுக்கு அரக்கு. கப்பல் கட்டுவது என்றால் மரம் நடுவதிலிருந்து தொடங்கும் வேலை என்று தெரிந்தவர்கள்.

கடல்வழி எல்லாம் காற்றின் சொல்படிதான். ஃபுஜியானின் சாங்லே துறையில் காத்திருந்து, வடகிழக்குக் காற்று விழுந்ததும் கிளம்புவார்கள். சம்பா, ஜாவா, மலாக்கா, சுமத்ரா, இலங்கை, கள்ளிக்கோட்டை. காற்று திரும்பியதும் வீட்டுக்கு. அவர்களுடைய வழிப்படம் 17ஆம் நூற்றாண்டின் போர்க்கலைத் தொகுப்பு ஒன்றில் தப்பிப் பிழைத்திருக்கிறது. திசைகாட்டியின் 24 திசைகளில் எதில் எத்தனை ஜாமம் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இந்தியப் பெருங்கடலுக்கு வந்ததும் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை ‘விரல்’ உயரம் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மரப்பலகையைக் கை நீட்டிப் பிடித்து நட்சத்திரத்தை அளக்கும் முறை அது. அராபிய மாலுமிகளும் விரலில்தான் அளந்தார்கள். நம் சோழமண்டலக் கரையின் ராப்பலகையும் இதே குடும்பம்.

மா ஹுவான் என்ற மொழிபெயர்ப்பாளர் மூன்று பயணங்களில் போய்வந்து ஒரு புத்தகம் எழுதினார். கள்ளிக்கோட்டையில் சரக்குக்கு விலை பேசுவதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். நாள்கணக்கில் பேசி, விலை படிந்ததும் எல்லோரும் கைகளைப் பிணைத்துக்கொள்வார்கள். இந்த மாதம், இந்த நாள், எல்லோரும் கை சேர்த்தோம், இனி விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது என்பார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் மணிச்சட்டம் கிடையாது, கைவிரலும் கால்விரலுமாக இருபதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள், ஒரு இம்மியும் தப்புவதில்லை என்கிறார். ஊர் ஊராகப் போய் எது கிடைக்கும், என்ன விலை, எப்படி எடை போடுகிறார்கள் என்று கவனித்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கொழும்புக்குப் போயிருந்தபோது தேசிய அருங்காட்சியகத்தில், இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டைப் பார்த்தேன். செங் ஹேயின் ஆட்கள் நான்ஜிங்கிலேயே எழுதி, கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கல். 1409ஆம் ஆண்டுத் தேதி. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்ததைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரில். தமிழில், தெற்கு முனையில் தேவிநுவரையில் இருந்த தெனாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பட்டியல். தேய்ந்த எழுத்துகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். சீனச் சக்கரவர்த்தியின் பெயரைத் தமிழ் எழுத்தில் பொறித்த உளி நான்ஜிங்கில் ஓடியிருக்கிறது. அதை எழுதிக் கொடுக்கத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் அவர்களிடம் இருந்திருக்க வேண்டும். இலங்கைத் துறைமுகத்தில் வியாபாரம் பேச வேண்டுமானால் தமிழ் வேண்டும் என்பது பேரரசரின் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குவான்சோவிலும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. 1281இல், குப்லாய் கான் காலத்தில், சம்பந்தப்பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அந்தக் கோயில் இப்போது இல்லை. அங்கிருந்த சிற்பத் தூண்கள் இரண்டு கைய்யுவான் புத்தர் கோயிலில் நிற்கின்றன. பன்னிரண்டு சுவர் கப்பலை வைத்திருப்பதும் அதே கோயில் வளாகத்தில்தான்.

காலிக் கல்லைப் பார்த்து நெகிழ்ந்தவன் அடுத்த இரண்டு வருஷத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது பயணத்தில் செங் ஹேக்கும் இலங்கையில் கோட்டே என்ற ஊர்ப் பகுதியை ஆண்ட அழகேஸ்வரனுக்கும் மோதல் வந்தது. சீனர்கள் எழுதியபடி, அவன் ஐம்பதாயிரம் பேரை அனுப்பிக் கப்பல்களை வழிமறிக்கப் பார்த்தான், செங் ஹே இரண்டாயிரம் பேரோடு சுற்றிப்போய்த் தலைநகரத்தைப் பிடித்தார். 1411இல் அழகேஸ்வரனையும் குடும்பத்தையும் நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். யோங்லே அவனை விடுவித்துவிட்டார் என்பது உண்மை. ஆனாலும் மூன்று தெய்வங்களுக்குக் காணிக்கை வைத்த அதே கை, ஒரு நாட்டின் அரசனைக் கட்டி இழுத்தும் போயிருக்கிறது. அது சமாதானப் பயணம் மட்டும்தான் என்று இன்று சொல்லப்படும்போது எனக்கு உடன்பட முடிவதில்லை. இருபத்தேழாயிரம் பேரில் பெரும்பகுதி படைவீரர்கள். கப்பல் கூட்டத்தைக் கண்ட துறைமுகத்துக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்பதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அப்புறம் எல்லாம் நின்றுபோனது. 1424இல் யோங்லே இறந்தார். அடுத்து வந்த மகன் அரியணை ஏறியதும் பயணங்களை நிறுத்தினார். பேரன் 1431இல் ஒரே ஒரு முறை அனுப்பினார், அது ஏழாவது, அதோடு சரி. காரணம் என்ன என்று பெரிய பெரிய கோட்பாடுகள் சொல்கிறார்கள், சீனர்களுக்கு ஆர்வம் இல்லை, கன்பூசிய அதிகாரிகள் வியாபாரத்தை வெறுத்தார்கள் என்று. எனக்கு எளிய காரணங்களே போதுமாகத் தெரிகிறது. தலைநகரம் 1421இல் பெய்ஜிங்குக்குப் போய்விட்டது. பெருங்கால்வாயைச் சீர்செய்து முடித்ததும் 1415லிருந்து வடக்குக்கான தானியம் கடல்வழியே போக வேண்டிய தேவை இல்லாமல் போனது. கடற்கப்பல் செய்த பட்டறைகள் கால்வாய்ப் படகு செய்யத் தொடங்கின. வடக்கே மங்கோலியர் தொல்லை. 1449இல் பேரரசரையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நிலையில் ஒட்டகச்சிவிங்கி கொண்டுவரக் கப்பல் விடச் சொல்லி யார் கேட்பார்கள்? 1414இல் வங்காளத்திலிருந்து வந்த ஒட்டகச்சிவிங்கியைப் புராண மிருகம் என்று நினைத்து அரண்மனையே கொண்டாடியிருந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. செங் ஹே ஏழு கடல் சுற்றிய அதே காலத்தில், சாதாரணச் சீனர் சொந்தமாகக் கப்பல் எடுத்துக்கொண்டு வியாபாரத்துக்குப் போகத் தடை இருந்தது. 1371லேயே தொடங்கிய தடை. கடல் அரசாங்கத்தின் சொத்து. அரசர் விரும்பினால் முந்நூறு கப்பல், விரும்பாவிட்டால் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கட்டத்தில் இரண்டு பாய்மரத்துக்கு மேல் வைத்துக் கப்பல் கட்டுவதே குற்றமானது. நான்ஜிங் குளங்களில் பெரிய கப்பல்கள் மட்கின. அவ்வளவு பெரிய கப்பலைக் கட்டிய தச்சர்களில் ஒருவர் பெயரும் எனக்கு எங்கேயும் கண்ணில் பட்டதில்லை.

ஆனால் ஃபுஜியான் கரை அப்படிச் சும்மா இருக்கவில்லை. அங்கே மலை கடல்வரை வந்துவிடும், வயல் குறைவு, கடலை விட்டால் பிழைப்பு இல்லை. தடை இருந்த காலத்திலும் தீவு மறைவில் கப்பல் கட்டினார்கள், ஓட்டினார்கள். பிடிபட்டவர்களைக் கடற்கொள்ளையர் என்றார்கள். கடைசியில் 1567இல் அரசாங்கமே இறங்கிவந்து, யுவேகாங் துறையைத் தனியார் வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது. உடனே அங்கிருந்து மணிலாவுக்கும் தென்கடலுக்கும் கப்பல்கள் வரிசையாகப் போயின. அத்தனையும் குறுக்குச் சுவர் வைத்த கப்பல்கள். நூற்று முப்பது வருஷத்தில் எந்தத் தச்சரும் அதை மறக்கவில்லை, ஏனென்றால் அது அரண்மனை ஏட்டில் இல்லை, அப்பாவிடமிருந்து மகனுக்கு உளியோடு போய்க்கொண்டிருந்தது.

1787இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தபால் கப்பல்களின் வயிற்றைச் சீனர் முறைப்படி தனித்தனி அறைகளாகப் பிரித்தால் என்ன என்று எழுதினார். 1795இல் சாமுவேல் பெந்தம் பிரிட்டிஷ் கடற்படைக்கு அப்படியே கட்டிக் காட்டினார். இன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் எந்தச் சரக்குக் கப்பலின் உள்ளே போனாலும் அந்தச் சுவர்கள் இரும்பில் நிற்கும். 1846இல் ஹாங்காங்கிலிருந்து கீயிங் என்ற சீன மரக்கப்பல் ஒன்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நியூயார்க் போய், 1848இல் லண்டனும் போய்ச் சேர்ந்தது. செங் ஹேயைக் காட்டிலும் இந்தக் கப்பலில் போன பெயர் தெரியாத சீன மாலுமிகளை நினைத்துத்தான் எனக்கு அதிகம் சிலிர்க்கிறது.

2010இல் யுனெஸ்கோ இந்தச் சுவர் வைக்கும் தொழில்நுட்பத்தை அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கற்பூர மரம், பைன், ஃபர் பலகை, நார்க்கயிறு, சுண்ணாம்பு, துங் எண்ணெய் என்று அதில் சொல்லியிருக்கும் பொருள்களில் பாதி மார்கோ போலோ சொன்னவைதான். மரக்கப்பலுக்குப் பதில் இரும்புக் கப்பல் வந்துவிட்டதால் கட்டச் சொல்லிக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், தேர்ந்த மூத்த தச்சர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆகிவிட்டார்கள். மாமாவின் காலத்தோடு எங்கள் ஊரிலும் மரத்தோணி கட்டுவது ஓய்ந்துகொண்டே வருகிறது, அதனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வெளியூர்ச் செய்தி படிப்பது போல இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கைப்பேசியில் குவான்சோ கப்பலின் படத்தைப் பெரிதாக்கி மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலில் ஏராவைப் பார்த்தார், பிறகு பலகை எத்தனை அடுக்கு என்று கேட்டார். அடியில் இரண்டு, பக்கத்தில் மூன்று என்றேன். இடுக்கில் என்ன போட்டார்கள் என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். சுவரின் அடியில் இருக்கும் சின்னத் துளையைப் பற்றிச் சொன்னதும் படத்தை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு அணியத்திலிருந்து பின்பக்கம்வரை ஒவ்வொரு சுவராக விரலை வைத்து, வாய்க்குள்ளேயே பன்னிரண்டு வரை எண்ணி முடித்தார்.

"இதுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, அன்னைக்கு எங்க தோணியில இருந்திருந்தா போதும் மருமவனே," என்றார்.